கேரவனுக்கு ஏற்ற சேஸிஸ்: முன்புற டீசல் யந்திர வண்டிகளைப் பற்றிய ஒரு பரிசீலனை

சொந்தமாக ஒரு கேரவன் கட்டிக்கொண்டு, ராமேசுவரத்திலிருந்து பத்ரிநாத் வரையில் அவசரமின்றித் தேச சஞ்சாரம் செய்துவர வேண்டும் என்னும் ஆசை, விமானப்படையிலும் ரயில்வேயிலும் தொழிற்சாலைகளிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் குடியேறியிருக்கிற தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் வட்டாரத்தில் இன்று அபூர்வமானது அன்று. அந்த ஆசை கொண்டவர்கள் பெரும்பாலும், கட்டில் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம், குளியலறைக்கு இடம் உண்டா என்னும் யோசனையில் தொடங்குகிறார்கள். அவையெல்லாம் பிடிக்காமற்போனால் பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியவை. மாற்ற முடியாதது அடியில் இருக்கும் சேஸிஸ். யந்திரம் எங்கே இருக்கிறது, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி (வீல்பேஸ்) எவ்வளவு, எவ்வளவு பாரம் ஏற்றச் சட்டம் இடங்கொடுக்கிறது என்னும் மூன்றும் சேஸிஸ் வாங்குகிற நாளிலேயே நிர்ணயமாகிவிடுகின்றன. பிறகு எத்தனை பணம் செலவழித்தாலும் அவற்றைத் திருத்த வழியில்லை.

நம்முடைய சாலைகளுக்கும், மலைப் பாதைகளுக்கும், வழியில் கிடைக்கிற மெக்கானிக்குகளுக்கும், நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கும் ஒருங்கே பொருந்துவது, முன்புறத்தில் டீசல் யந்திரம் அமைந்ததும், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்டதும், வீல்பேஸ் குறைந்ததுமான சிறிய பஸ் சேஸிஸே என்பது என் அபிப்பிராயம். பின்புற யந்திரத்துக்கு உள்ள மெய்யான சிறப்புக்களைக் குறைத்துப் பேசாமலே இந்த முடிவுக்கு வரலாம் என்று நினைக்கிறேன்.

முன்புற யந்திரம் நம் நாட்டில் வேரூன்றியதற்குச் சரித்திர காரணம் உண்டு. 1948-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் உறவு கொண்டு, 1955-இல் அசோக் லேலண்ட் என்னும் பெயரோடு எண்ணூரில் பாரவண்டித் தொழிலில் நிலைகொண்டது. வடக்கே டெல்கோ நிறுவனம் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1954-இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இவ்விரு நிறுவனங்களும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏறக்குறைய ஒரே யந்திரத்தையும், ஒரே கியர் பெட்டியையும், ஒரே விதமான ஏணிச் சட்டத்தையும் உபயோகித்தபடியால், லாரியைப் பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குப் பஸ்ஸும் தெரிந்திருந்தது. லாரிக்கு உதிரிப் பாகம் விற்கிற கடையில் பஸ்ஸுக்கும் கிடைத்தது. தலைமுறைகளாகப் பரவிய இந்தக் கைப்பழக்கம் கேரவன் கட்டுகிறவனுக்குப் பெரிய மூலதனம். பின்புற யந்திரத்தை நீண்ட தூரப் பிரயாணிகள் பரவலாக அறிந்தது 2001-இல் வால்வோவின் பி7ஆர் இங்கே வந்த பின்னர்தான். இன்று அசோக் லேலண்டும் டாடாவும் பாரத் பென்ஸும் அந்த ரகத்தைத் தயாரிக்கின்றன. ஆயினும் சிறிய, நடுத்தர பஸ் சேஸிஸ்களில் முன்புற யந்திரமே இன்றளவும் ஆட்சி செய்கிறது. லேலண்டின் லிங்க்ஸ், டாடாவின் எல்.பி. வரிசை, ஐஷர், எஸ்.எம்.எல். ஆகியவற்றின் சிறு பஸ் சேஸிஸ்கள் யாவும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவை.

சேஸிஸ் என்பது யாது என்பதை ஜி.எஸ்.டி. சாலையில் நின்றாலே கண்ணால் பார்க்கலாம். எண்ணூரிலிருந்து புறப்பட்டு, தாம்பரம், வண்டலூர், செங்கற்பட்டு வழியாகத் தெற்கே கரூரை நோக்கிப் போகிற மொட்டைச் சேஸிஸில், முன்னால் ரேடியேட்டரும் யந்திரமும், அதன் வலப் பக்கத்தில் ஸ்டியரிங்கும், பின்னால் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும், அவற்றின் இடையில் ஓடுகிற புரொபெல்லர் ஷாஃப்டும் அப்படியே வெளியில் தெரியும். கூரையும் கண்ணாடியும் இல்லாமல், தற்காலிகமாகப் பொருத்திய ஆசனத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் எதிர்க்காற்றையும் தாங்கியபடி டிரைவர் அதை ஓட்டிச் செல்வார். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலே அவ்விதம் சென்று கரூரின் பட்டறைகளில் அது நுழைகிறது. கொசுவலைக்கும் கைத்தறித் துணிக்கும் பேர்போன அந்த ஊர், பஸ் பாடி கட்டும் தொழிலிலும் தென்னாட்டின் தலைமை ஸ்தானத்தில் இருக்கிறது. அந்த மொட்டைச் சட்டத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தவர்களுக்கு முன்புற யந்திரத்தின் முதல் அனுகூலம் தானே விளங்கும்: ரேடியேட்டர் நேராக எதிர்க்காற்றில் நிற்கிறது, கியர் கம்பி குட்டையாக இருக்கிறது, யந்திரத்தின் எந்தப் பாகத்தில் எண்ணெய் கசிந்தாலும், எந்த பெல்ட் தளர்ந்தாலும், டிரைவரின் காதுக்கும் மூக்குக்கும் உடனே எட்டுகிறது. பின்புற யந்திரத்தில் ரேடியேட்டர் பெரும்பாலும் பக்கவாட்டில் அமைந்து, பின் சக்கரங்கள் கிளப்புகிற புழுதியை உறிஞ்சிக்கொள்கிறது. பத்து மீட்டருக்குப் பின்னால் நிகழும் கோளாறு, எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகே முன்னால் இருப்பவருக்குத் தெரியவருகிறது.

இனி, குறைகளைப் பார்ப்போம். டவுன் பஸ்ஸில் கூட்டம் மிகுந்த வேளையில் டிரைவருக்குப் பக்கத்தில் பானெட்டின் மேல் உட்கார்ந்து பிரயாணம் செய்யாதவர்கள் நம்மில் மிகச் சிலரே. அந்த மூடி எவ்வளவு சுடும், எப்படி அதிரும், அதற்கு மேலே பேச வேண்டுமானால் எவ்வளவு உரக்கக் கத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூடும் அதிர்வும் இரைச்சலும் கேரவனிலும் இருக்கும். நாம் வலப் பக்கம் அமர்ந்து ஓட்டுகிறவர்களாதலால், யந்திரத்தின் உஷ்ணம் முழுவதும் டிரைவரின் இடது காலில் வந்து தாக்கும். மே மாதத்தில் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் அந்தக் கால் வெந்துபோனதுபோல் ஆகிவிடும். யந்திரத்தைப் பழுது பார்க்க அந்த மூடியை உள்ளிருந்தபடியே திறக்க வேண்டியிருப்பதால், மெக்கானிக்கின் எண்ணெய்க் கை நம் வாசஸ்தலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. யந்திரம் அடைத்துக்கொள்ளும் இடமோ, முன் ஆசனங்களைத் திருப்பிப்போட்டு வரவேற்பறையாக்கிக்கொள்ளலாம் என்னும் ஆசைக்கு இடங்கொடாது.

இவற்றுக்குச் சென்னைச் சினிமாத் தொழில் வெகு நாட்களுக்கு முன்பே பரிகாரம் கண்டிருக்கிறது. படப்பிடிப்புத் தளங்களில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் கேரவன்களில் பெரும்பாலானவை முன்புற யந்திர பஸ் சேஸிஸின்மேல் கட்டப்பட்டவை. அவற்றில் டிரைவர் அறை வேறு, உள்ளே இருக்கும் அறைகள் வேறு. இரண்டுக்கும் நடுவில் முழு உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பி, அதில் ஓசையடக்கும் பஞ்சு வைத்துப் பலகை அடித்து, ஒரு கதவை மட்டும் வைத்துவிட்டால், யந்திரத்தின் இரைச்சலும் எண்ணெய் வாடையும் டிரைவர் அறையோடு நின்றுவிடுகின்றன. பானெட்டுக்கும் ஒற்றைத் தகடு போதாது. இரட்டைத் தகட்டுக்கு நடுவே உஷ்ணத்தைத் தடுக்கும் பொருளை அடைத்து, விளிம்பைச் சுற்றிலும் கனத்த ரப்பர் பட்டை வைத்து, நான்கு இடங்களில் இறுகப் பூட்டும் கொக்கி போட வேண்டும். பாடி கட்டுகிறவர்கள் இதைச் சில்லறை வேலையாக நினைத்து அவசரமாக முடித்துவிடுவார்கள். உடைமையாளர் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டிய வேலை எதுவென்று கேட்டால், சமையல் மேடையின் கிரானைட்டை அல்ல, இந்த மூடியைத்தான் நான் சொல்வேன். மேலும், ஓடும்போது இரைச்சல் முன்னால் இருப்பதனால், பின் கோடியில் போடுகிற படுக்கை வண்டி ஓடுகையிலும் ஓரளவு அமைதியாகவே இருக்கும். பின்புற யந்திர வண்டியிலோ கட்டில் யந்திரத்தின் தலைக்கு மேலேயே அமைகிறது. வண்டியை நிறுத்தி வெகு நேரம் ஆன பின்னும் அந்தச் சூடு மெத்தையின் அடியில் தங்கியிருக்கும்.

ஆனால் பின்புற யந்திரத்துக்குரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்பாதி முழுவதும் அமைதியாக இருக்கிறது; தளம் ஒரே மட்டமாக அமைகிறது; ஏர் சஸ்பென்ஷனோடு சேர்ந்துவிட்டால் அதன் ஓட்டத்தின் மென்மைக்கு இணையில்லை. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள வண்டியில், சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு, நால்வழிச் சாலையை விட்டு விலகாமல் பிரயாணம் செய்கிறவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறு சொல்ல முடியாது. நம் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகளைச் சாலைக்குக் கொண்டுவந்தபோது, அவற்றில் யந்திரம் பின்னால் இருந்ததும் அவசியத்தினால் ஏற்பட்டதே. சக்கர நாற்காலியில் வருகிறவரும் முதியவரும் படியேறாமல் நுழைவதற்கு முன்பகுதியில் யந்திரம் இருத்தலாகாது. நகரப் பேருந்துக்குச் சரியான அந்த நியாயத்தை, ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போகவேண்டிய ஒரு குடும்ப வண்டிக்கு அப்படியே பொருத்துவதுதான் பிசகு. தாழ்ந்த தளம் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததைக் கண்ட நம் பகுதியினர், காற்றை இழுக்கும் குழாயின் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்காமல் எந்த வண்டியையும் வாங்கலாகாது.

பிற தேசங்களின் அனுபவமும் இங்கே பயன்படும். அமெரிக்காவில் பெரிய கேரவன்களில் டீசல் யந்திரம் பின்னாலும், விலை மலிந்தவற்றில் ஃபோர்டின் பெட்ரோல் யந்திரம் முன்னாலும் இருப்பது வழக்கமாகிவிட்டது. நடுவில் ஃப்ரெய்ட்லைனர் நிறுவனம் முன்புற டீசல் சேஸிஸ் ஒன்றைச் செய்து பார்த்தது. அது நிலைக்கவில்லை. மலிவு வேண்டியவர் பெட்ரோலுக்கும், சௌகரியம் வேண்டியவர் பின்புற டீசலுக்கும் போய்விடவே, இடையில் நின்ற வண்டிக்கு ஆளில்லாமற்போயிற்று. இந்த உதாரணத்தைக் காட்டி, முன்புற டீசல் தோற்றுப்போன யோசனை என்று வாதிப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் முன்புற டீசலோடு மல்லுக்கு நிற்கப் பெட்ரோல் பஸ் சேஸிஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே அந்த வாதம் இங்கே செல்லாது. ஐரோப்பாவிலோ, 1981-இல் வந்த ஃபியட் டுகாட்டோவின் வம்சத்தில்தான் கேரவன்களில் பெரும்பகுதி கட்டப்படுகிறது. யந்திரம் முன்னால், இழுப்பதும் முன் சக்கரங்களே. அந்த ஏற்பாட்டில் தளம் தாழ்ந்து வசதியாக இருந்தாலும், பின்பாரம் ஏறிய வண்டி, செம்மண் ஏற்றத்தில் முன் சக்கரம் வழுக்கி நின்றுவிடும். நம் பஸ் சேஸிஸில் யந்திரம் முன்னால், உந்துவது பின் சக்கரங்கள்; பாரம் பின்னால் ஏற ஏற அவற்றின் பிடிப்பும் அதிகமாகிறது.

நமக்கு மிகச் சமீபத்தில் உள்ள உதாரணம் ஒன்று இருக்கிறது. தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் சாலையில் போனால் வருகிற ஒரகடத்தில், 2012-இல் திறக்கப்பட்ட டைம்லர் தொழிற்சாலையில் பாரத் பென்ஸ் வண்டிகள் உற்பத்தியாகின்றன. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது, அங்கே முதலில் காட்சிக்கு வந்த கேரவன்களில் ஒன்று இந்த பாரத் பென்ஸின் 1017 என்னும் பஸ் சேஸிஸின்மேல் கட்டப்பட்டதுதான். அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் டன் கணக்கில் எடையையும், பின் இரண்டு இலக்கங்கள் பத்தின் மடங்கில் குதிரைசக்தியையும் குறிக்கும், அதாவது ஏறக்குறைய 10 டன், 170 குதிரைசக்தி, நான்கு சிலிண்டர் டீசல் யந்திரம், அதுவும் முன்புறத்தில். வாகமண் போன்ற மலைப் பிரதேசத்துக்கு ஏற வேண்டிய வண்டிக்கு இத்தகைய சேஸிஸைப் பொறுக்கியது விவேகமான காரியம் என்றே கருதுகிறேன். வாடகைக்கு விடுகிற ஸ்தாபனத்துக்கு அது உகந்தது. உரிமம் பெற்ற டிரைவர் அவர்களிடம் இருப்பார். தானே ஓட்ட விரும்பும் குடும்பஸ்தருக்கு அங்கேதான் ஒரு தடை குறுக்கிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 7,500 கிலோவுக்கு மேற்படாததை இலகு மோட்டார் வாகனம் என்கிறது. காருக்கு நாம் வைத்திருக்கும் உரிமம் அந்த எல்லை வரையில் செல்லும். அந்த எல்லைக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் அதே உரிமத்தோடு ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. எல்லையைத் தாண்டினால் பெரிய வண்டிக்குரிய உரிமமும், அதற்கு முன்பாகப் பயிற்சியும் அவசியமாகின்றன. அறுபது வயதைக் கடந்த பின், கனரக உரிமத்துக்காகப் பயிற்சிப் பள்ளியில் போய் நிற்க மனம் உள்ளவர் நிற்கட்டும்; மற்றவர்களுக்கு 7,500 கிலோ என்பதே முதல் கோடு. இன்னொரு சட்ட விஷயமும் உண்டு. பழைய ஆம்னி பஸ்ஸை மலிவாக வாங்கி உள்ளே இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலைப் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வோர் நிறைய இருக்கிறார்கள். உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவது செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அந்த வழியில் போவது பணத்தைத் தண்ணீரில் போடுவதற்கு ஒப்பாகும். பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052 என்றும், கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்றும் தனித்தனி விதிமுறைகள் இருக்கின்றன. புதுச் சேஸிஸ் வாங்கி, அந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற பட்டறையில் கட்டி, சொந்த உபயோகத்துக்குரிய கேம்பர் வேனாகப் பதிவு செய்துகொள்வதே நேர்வழி.

எடைக்கு அடுத்தது நீளம். வீல்பேஸ் குறைந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு மலைப்பாதைகள் ஒரு காரணம். நம் தெருக்கள் மற்றொரு காரணம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. ஒரே திருப்பலில் திரும்பாத வண்டி, ஒவ்வொரு வளைவிலும் பின்னால் வருகிற பஸ்ஸை நிறுத்திவிட்டு முன்னும் பின்னும் ஊசலாட வேண்டிவரும். வீட்டுக்குத் திரும்பினாலும் நிலைமை வேறில்லை. வேளச்சேரி பிரதான சாலையை விட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் திரும்பி, மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களுக்குள் வந்து, மின்கம்பத்தில் உராயாமல் நம் வீட்டு வாசலில் நிற்கக் கூடிய வண்டியே நம் வண்டி. வேறு எங்கோ வாடகை இடத்தில் நிறுத்தப்படுகிற கேரவன், நாளடைவில் ஓடுவதையே மறந்துவிடுகிறது. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி, வீல்பேஸில் 60 சதவீதத்துக்கு மேல் போகலாகாது என்று விதி இருக்கிறது. அந்த எல்லை வரைக்கும் கட்டிவிட்டால், திரும்பும்போது வால்பகுதி வெளிப்புறமாக வீசும். பள்ளத்தில் இறங்கி ஏறுகையில் தரையில் தேயும். 50 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வாலை நீட்டுவதில் கண்ணுக்குத் தெரியாத வேறோர் அபாயமும் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். வீல்பேஸ் 4,200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் மாட்டினால், தண்ணீரின் எடையோ 300 கிலோ. ஆனால் பின் ஆக்ஸிலின்மேல் விழும் பாரம் 371 கிலோ. அதிகப்படியான 71 கிலோ எங்கிருந்து வந்தது? முன் ஆக்ஸிலிலிருந்து கழிந்து வந்தது. நெம்புகோலின் நியதி இது. முன்புற யந்திர வண்டியில் முன் ஆக்ஸில் ஏற்கெனவே யந்திரத்தைச் சுமந்து உறுதியாகத் தரையைப் பற்றியிருப்பதனால் ஓரளவு கழிவதைத் தாங்கும்; பின்புற யந்திர வண்டியில் முன் பக்கம் இயல்பாகவே இலேசாதலால், இதே பிழை ஸ்டியரிங்கைத் தளரச் செய்துவிடும். தாங்கும் என்பதற்காகப் பிழையைச் செய்ய வேண்டியதில்லை. தண்ணீரையும் பாட்டரிகளையும் இரண்டு ஆக்ஸில்களுக்கும் நடுவே, சட்டத்தின் இரு புறமும் பகிர்ந்து தொங்கவிடுவதற்குப் பஸ் சேஸிஸில் இடம் இருக்கிறது. புரொபெல்லர் ஷாஃப்ட் நடுவே ஓடுவதை மட்டும் நினைவில் வைத்துத் தொட்டிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் யந்திரத்தின் குணமே ஓரளவு மாறிவிட்டது என்பதை, பழைய வண்டிகளில் பழகியவர்கள் இன்னும் முழுவதும் உணரவில்லை. புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் வாயுக்களை மாற்றும் கருவியும் வந்து சேர்ந்துள்ளன. வடிகட்டியில் படிந்த கரி எரிந்து போவதற்கு யந்திரம் நல்ல வேகத்தில், நல்ல சூட்டில், தொடர்ந்து ஓட வேண்டும். குளிர்சாதனத்துக்காக வண்டியை நிறுத்திவைத்து மணிக்கணக்கில் யந்திரத்தை மெதுவாக ஓடவிடும் பழக்கம் இதற்கு நேர் விரோதமானது. வடிகட்டி அடைத்துக்கொண்டு, வண்டி வேகம் குறைந்து, ஒரு நாள் நடுவழியில் பட்டறையைத் தேட வைக்கும். சினிமாக் கேரவன்கள் நாள் முழுவதும் நின்ற இடத்திலேயே நிற்பவையாதலால் தனி ஜெனரேட்டரை உபயோகிக்கின்றன. குடும்பக் கேரவனுக்கும் அதுவே வழி, அல்லது கூரைமேல் சூரிய மின் தகடுகளும் தக்க பாட்டரியும். ஓட்டும் யந்திரம் ஓட்டுவதற்கு மட்டுமே.

குட்டை வண்டி போதும் என்கிற தம்பதியருக்கு ஒரு மாற்று உண்டு. பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987-இல் மெர்சிடிஸ் பென்ஸின் மாதிரியைத் தழுவிக் கொண்டுவந்த டிராவலர், இன்று ஃபோர்ஸ் மோட்டார்ஸின் பெயரில் ஊர்தோறும் ஓடுகிறது. அதுவும் முன்புற டீசல்தான், தெருவுக்குத் தெரு பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், காரைப்போல் ஓட்டலாம். இருவர் மட்டும் போவதானால் அதைவிட நல்லது இல்லை. நால்வருக்குப் படுக்கையும், கதவு போட்ட குளியலறையும், 300 லிட்டர் தண்ணீரும் அதில் திணிக்கப் பார்ப்பவர்கள், விரைவிலேயே அதன் எடை வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள்.

லாரி சேஸிஸ் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். யந்திரம் ஒன்றாக இருந்தாலும் ஸ்பிரிங் வேறு. லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் முழுப் பாரத்தில் மட்டுமே வளைந்து கொடுக்கும். பஸ்ஸின் பட்டைகள் நீளமானவை, மனிதர்களைச் சுமப்பதற்கென்று அமைந்தவை. கேரவனுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. பஸ்ஸில் பாரம் ஏறும், இறங்கும்; கேரவனில் பாரம் ஏறக்குறைய நிலையானது. ஆகவே வண்டி கட்டி முடிந்தபின் அந்த எடைக்கு ஏற்றபடி பட்டையின் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளலாமா என்று சேஸிஸ் தயாரிப்பாளரின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டு, அவர்கள் அனுமதித்த அளவில் மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் எடைதான். பட்டறைக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே, தண்ணீரும் டீசலும் நிரப்பி, எரிவாயு உருளையும் பாத்திரமும் படுக்கையும் ஏற்றி, பிரயாணம் போகிறவர்கள் அனைவரும் உள்ளே அமர்ந்தபடி, வண்டியை ஓர் எடை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் சேஸிஸ் தயாரிப்பாளர் விதித்த வரம்போடு அவற்றை ஒப்பிட்டு, முன்னால் மிகுந்திருந்தால் பாட்டரிகளைப் பின்னே தள்ளி, பின்னால் மிகுந்திருந்தால் தொட்டியை முன்னே நகர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்கு டயர் தயாரிப்பாளர் குறித்திருக்கும் காற்றழுத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே டிரைவர் அறைக் கதவின் உட்புறத்தில் பெயின்டால் எழுதி வைத்துவிட வேண்டும்.